ஊரடங்கு என்றதும் கடைக்கு ஓடியது ஏன்? 2020-ஐ முன்வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

கொரோனாவின் முதல் சில மாதங்களில், 2020 மார்ச் முதல் மே வரை, தமிழ்நாட்டில் மக்கள் கடைகளில் குவிந்ததைப் பற்றி இன்றும் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் சென்னையை வைத்துத்தான் பேசுகிறேன். சிங்கப்பூர், தைவான் பற்றிய பேச்சு தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

மாதச் சாமானை மொத்தமாக வாங்குவது நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் பழக்கம்தானே? அதையும் பதற்றத்தில் வாங்குவது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. சம்பளம் வந்ததும் ஐந்தாம் தேதிக்குள் லிஸ்ட் எழுதி மளிகை போடும் குடும்பம் எந்தப் பதற்றத்திலும் இல்லை. அந்தக் கடைக்காரருக்கும் அது தெரியும், அதற்கேற்றபடிதான் சரக்கு எடுத்து வைப்பார். எல்லா வீடும் ஒரே நாளில், ஒரே பொருளை, வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்கும்போதுதான் சிக்கல் வருகிறது. அளவு கொஞ்சம் கூடினாலே போதும். வாரம் ஐந்து கிலோ அரிசி வாங்கும் நூறு வீடுகள் ஒரு தெருவில் இருக்கின்றன என்று வையுங்கள். அத்தனை பேரும் ஒரே காலையில் ஆளுக்கு இருபது கிலோ கேட்டால், கடைக்காரர் ஒரு மாதத்தில் விற்க வேண்டியதை அன்று மதியத்துக்குள் கொடுத்தாக வேண்டும். யாரும் மூட்டை மூட்டையாக அள்ளிப் போகவில்லை. ஆனாலும் அலமாரி காலி.

பதுக்கல் என்பது வேறு. விலை ஏறட்டும் என்று வியாபாரி சரக்கை வெளியே விடாமல் வைத்திருப்பது அது. அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் 1955-இலிருந்து இருப்பது அதைத் தடுக்கத்தான். பயத்தில் இரண்டு பாக்கெட் கூடுதலாக வாங்கும் குடும்பத்தையும் இந்த வியாபாரியையும் ஒரே தராசில் வைத்துப் பேசுவது நியாயமில்லை.

எந்தெந்த நாட்களில் கூட்டம் அதிகமாக இருந்தது?

தமிழ்நாட்டில் முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதியானது. ஓமனிலிருந்து திரும்பிய ஒருவருக்கு வந்தது. அப்போது மாஸ்க்கும் சானிடைசரும்தான் காலியாகின, மளிகைக் கடைகளில் பெரிய மாற்றம் தெரியவில்லை. மார்ச் 19 இரவு பிரதமர் மோடி தொலைக்காட்சியில் பேசி, 22-ஆம் தேதி ஞாயிறு காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை மக்கள் ஊரடங்கு என்றார். பொருட்களை வாங்கிக் குவிக்க வேண்டாம் என்று அதே பேச்சில் கேட்டுக்கொண்டார். ஒரு நாள் அடைப்புதான் என்றாலும், இது ஒத்திகை, பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் நினைத்ததுதான் நடந்தது.

மார்ச் 24 மாலை 6 மணி முதல் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு என்று முந்தைய நாளே அறிவிப்பு வந்தது. கோயம்பேடு பேருந்து நிலையத்தில் சொந்த ஊருக்குப் போகும் கூட்டம் நெருக்கியடித்தது. 24-ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் மறுபடி பேசினார். நள்ளிரவிலிருந்து நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. இடையில் இருந்தது நான்கு மணி நேரம். அந்தப் பேச்சில், அரிசி எங்கே கிடைக்கும், கடை எத்தனை மணி வரை இருக்கும் என்பது போதுமான தெளிவோடு வந்து சேரவில்லை. பல நகரங்களில் மக்கள் உடனே கடைகளுக்கு ஓடினார்கள். பதற வேண்டாம், எல்லாம் கிடைக்கும், இப்படிக் கூடுவதே ஆபத்து என்று பிரதமர் பிறகு ட்விட்டரில் எழுத வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 25 பற்றி ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்தின் முக்கியமான நாளே அதுதான்.

ஊரடங்கு தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. மக்கள் ஓரளவு பழகியிருந்தார்கள். மளிகை, காய்கறிக் கடைகள் காலை 6 முதல் மதியம் 1 வரை. தெருக்கடைகளின் வாசலில் குறுக்கே கயிறு கட்டியிருக்கும். தரையில் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருக்கும், சில இடங்களில் அது அழிந்து மறுபடி போட்டிருப்பார்கள். லிஸ்ட்டை எட்டி நீட்டினால் கடைக்காரர் பையை நிரப்பி மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். அரைகுறைதான், ஆனால் ஒரு முறை உண்டாகியிருந்தது.

ஏப்ரல் 24 அன்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26-ஆம் தேதி காலை 6 மணி முதல் 29 இரவு 9 மணி வரை முழு ஊரடங்கு. சேலம், திருப்பூரில் 28 இரவு வரை. மருந்துக் கடை, அம்மா உணவகம் போன்றவை உண்டு, காய்கறி வண்டிகள் தெருவுக்கு வரும், மளிகைக் கடைகள் கிடையாது. நடுவே இருந்தது 25-ஆம் தேதி சனிக்கிழமை ஒன்றுதான், அதிலும் மதியம் 1 மணி வரைதான்.

அன்று காலை என்ன ஆகும் என்பதை யாரும் கணித்திருக்கலாம். நான்கு நாள் தேவையை ஏழு மணி நேரத்துக்குள் வாங்கச் சொன்னால் வட்டத்தில் யார் நிற்பார்கள்? சந்தைகளில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றார்கள். காய்கறி விலை மணிக்கு மணி ஏறியது. கூட்டத்தைப் பார்த்த பிறகு, கடைகள் 3 மணி வரை திறந்திருக்கலாம் என்று அரசு அவசரமாக நேரத்தை நீட்டித்தது. ஒரு மாதம் பாடுபட்டுக் கொண்டுவந்த இடைவெளி ஒரே காலையில் குலைந்துபோனது. அன்று கடைக்குப் போனவர்களை "பொறுப்பில்லாத மக்கள்" என்று தொலைக்காட்சியில் திட்டியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. வீட்டில் குழந்தைக்குப் பால் பவுடர் தீர்ந்துபோன ஒரு தாய் அன்று போகாமல் வேறு என்று போவாள்?

உண்மையில் அப்போது அரிசி, பருப்புக்குத் தட்டுப்பாடு இருந்ததா?

நாட்டில் இல்லை. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் அந்த நேரத்தில் அரிசியும் கோதுமையுமாக 5 கோடி டன்னுக்கும் மேல் இருந்தது. ஆனால் கிடங்கில் இருக்கும் அரிசி தெருமுனைக் கடைக்குத் தானாக நடந்து வராது. மார்ச் கடைசி வாரத்தில் லாரிகள் மாநில எல்லைகளில் நின்றன. எது அத்தியாவசியம், எது இல்லை என்பதில் சோதனைச் சாவடிக்குச் சாவடி ஒரு விளக்கம். பருப்பு அத்தியாவசியம், சரி. அதை அடைக்கும் பாலித்தீன் பை? மூட்டை தைக்கும் நூல்? எல்லாச் சரக்கும் போகலாம், பிரித்துப் பார்க்க வேண்டாம் என்று மத்திய உள்துறை மார்ச் 29 அன்றுதான் தெளிவாகச் சொன்னது. அப்போதும் ஓட்டுநர்களுக்கு வழியில் சாப்பாட்டுக் கடை இல்லை, பஞ்சர் கடை இல்லை. லோடுமேன்கள் பலர் ஊருக்குப் போய்விட்டார்கள்.

அதனால் "தட்டுப்பாடே இல்லை" என்று அதிகாரிகள் சொன்னதும் உண்மை, "எங்கள் கடையில் துவரம்பருப்பு இல்லை" என்று மக்கள் சொன்னதும் உண்மை. மொத்தக் கையிருப்பைச் சொல்லி ஆறுதல்படுத்தியவர்கள், சரக்கு எப்போது வந்து இறங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் பாதிப் பதற்றம் குறைந்திருக்கும்.

அப்படியானால் வாங்கிக் குவித்தவர்கள்மேல் தவறே இல்லையா?

சிலர்மேல் இருக்கிறது. வீட்டில் மூன்று பேர் இருக்க, கார் டிக்கியில் பத்துச் சிப்பம் அரிசி ஏற்றியவர்களும் இருந்தார்கள். அதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் பெரும்பாலோர் அப்படியில்லை. பேருந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருக்கிறோம். அதைப் பிடிக்காதவர்கூட, மற்ற எல்லோரும் போடுகிறார்கள் என்றால் தானும் போட்டுவிடுவார், இல்லையென்றால் நின்றுகொண்டே போக வேண்டும். இருக்கை எண் கொடுத்த பேருந்தில் யாரும் துண்டு போடுவதில்லை. கடைக்கும் அதேதான். நாளைக்கும் எனக்குக் கிடைக்கும் என்பது நிச்சயமானால் இன்று யாரும் முண்டியடிப்பதில்லை. அந்த நிச்சயத்தைக் கொடுப்பது அரசின் வேலை. கொடுக்காமல் விட்டுவிட்டு ஒழுக்கப் பாடம் எடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

கையில் காசே இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்?

கூட்டத்தின் படங்களில் இடம்பெறாதவர்கள் இவர்கள். அன்றாடக் கூலிக்குப் போகிறவர் அன்றைக்கு அரைக் கிலோ அரிசி, ஐந்து ரூபாய்க்கு எண்ணெய், பத்து ரூபாய்க்குத் தக்காளி என்று வாங்குபவர். ஒரு மாதத்துக்கு வாங்கி வை என்றால் எதை வைத்து வாங்குவார்? வேலை நின்றுபோன அதே வாரத்தில் கடையில் விலையும் ஏறியது. மற்றவர்கள் முன்கூட்டியே வாங்கியதன் செலவை உண்மையில் இவர்கள்தான் கட்டினார்கள்.

தமிழ்நாட்டில் ஒரு நல்ல விஷயம், ரேஷன் கடை என்ற ஏற்பாடு ஏற்கெனவே மூலைமுடுக்கெல்லாம் இருந்தது. ஏப்ரலுக்கு அரிசி அட்டைதாரர்களுக்கு 1000 ரூபாயும், அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை இலவசமாகவும் என்று அரசு அறிவித்தது. தேதியும் நேரமும் போட்ட டோக்கன் கொடுத்தார்கள். முதல் நாட்களில் அங்கும் கூட்டம் நெரிந்தது. ஆனாலும் "உனக்கு வியாழன் 11 மணி" என்று ஒரு சீட்டு கையில் இருக்கும்போது மனம் அடங்குகிறது. விடியற்காலையிலேயே பையைப் போட்டு வரிசை பிடிக்கும் அவசியம் குறைந்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய் என்று கொடுத்துவந்த அம்மா உணவகங்கள் ஊரடங்கிலும் மூடவில்லை. எத்தனையோ பேருக்கு அந்த மாதத்தில் ஒரே சாப்பாடு அதுதான்.

ரேஷன் அட்டை இல்லாதவர்கள், வேறு மாநிலத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்தவர்கள், இந்த வலைக்கு வெளியே நின்றார்கள். அவர்களுக்கான உதவி தாமதமாகத்தான் வந்தது. எல்லோருக்கும் வந்ததாகச் சொல்ல முடியாது.

கோயம்பேடு சந்தையில் நடந்ததற்கும் இந்தக் கூட்டத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் ஒரு நாளின்மேல் மட்டும் பழி போட முடியாது. கோயம்பேடு 1996-இல் திறக்கப்பட்ட சந்தை. காய்கறி, பழம், பூ என்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். சென்னை சாப்பிடும் காய்கறியில் பெரும்பங்கு அந்த ஒரே வளாகத்தின் வழியாகத்தான் போகிறது. ஊரடங்கில் மற்ற இடங்கள் மூடியதும், சில்லறைக்கு வாங்குபவர்களும் விலை குறைவு என்று அங்கேயே வர ஆரம்பித்தார்கள். லாரியின் பின்புறத்தில் ஒருவர் மூட்டையைத் தள்ள, கீழே இன்னொருவர் தலையில் வாங்குகிறார். இந்த இருவருக்கும் நடுவே ஆறடி இடைவெளி என்பது நடக்காத காரியம்.

ஏப்ரல் கடைசியில் சந்தையோடு தொடர்புடைய தொற்றுகள் தெரிய ஆரம்பித்தன. மே 5 அன்று சந்தையை மூடினார்கள். அதற்குள் அங்கு வேலை செய்தவர்கள் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று எண்ணிக்கை திடீரென்று ஏறியது. அந்த மாதமே காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. வியாபாரிகள் மீண்டும் கோயம்பேட்டுக்கு வந்தது செப்டம்பர் கடைசியில்.

சந்தையை ஏப்ரல் தொடக்கத்திலேயே நான்கைந்து இடங்களாகப் பிரித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பல ஊர்களில் பேருந்து நிலையங்களையும் மைதானங்களையும் காய்கறிச் சந்தையாக மாற்றினார்கள், அது வேலை செய்தது. சென்னையில் இடம் மாற்ற வியாபாரிகளுக்கு மனமில்லை என்பதும் உண்மைதான். குளிர்பதனக் கிடங்கு, எடைமேடை, கடன் கணக்கு எல்லாம் அங்கேயே இருக்கும்போது ஒரு வியாபாரி எளிதில் கிளம்ப மாட்டார்.

மாஸ்க், சானிடைசர் விலை அப்படி ஏறியபோது அரசு என்ன செய்தது?

மார்ச் 13 அன்று மத்திய அரசு இரண்டையும் அத்தியாவசியப் பொருட்கள் பட்டியலில் சேர்த்தது. ஒரு வாரம் கழித்து விலை வரம்பு வந்தது. 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய், மூன்றடுக்கு மாஸ்க் 10 ரூபாய், இரண்டடுக்கு 8 ரூபாய். காகிதத்தில் சரி. கடையில் "ஸ்டாக் இல்லை" என்ற பதில்தான் கிடைத்தது. விலைக்கு வரம்பு வைத்தால் மட்டும் சரக்கு பெருகாது. சர்க்கரை ஆலைகளும் மதுபான ஆலைகளும் சானிடைசர் தயாரிக்க இறங்கிய பிறகும், வீட்டுத் தையல் இயந்திரங்களில் துணி மாஸ்க் தைக்க ஆரம்பித்த பிறகும்தான் நிலைமை மாறியது.

இதைவிட எனக்கு வருத்தம் தந்தது ஹைட்ராக்சிகுளோரோகுயின் விவகாரம். மார்ச் பிற்பகுதியில், சுகாதாரப் பணியாளர்கள் போன்ற சிலர் தடுப்புக்காக எடுக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆலோசனை சொன்னதும், மற்றவர்களும் மருந்துக் கடைக்கு ஓடினார்கள். லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்), முடக்குவாதம் உள்ளவர்கள் தினமும் சாப்பிடும் மாத்திரை அது. கடை கடையாக அலைந்து வெறும் கையோடு திரும்பியவர்கள் அவர்கள்தான். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சில நாட்களில் கட்டுப்பாட்டை இறுக்கினார்கள். கொரோனாவைத் தடுக்க அது உதவவில்லை என்பது பிறகு ஆய்வுகளில் தெரியவந்தது.

பயத்தில் வாங்காமல் விட்ட பொருளும் உண்டா?

கோழி. பிராய்லர் கோழி சாப்பிட்டால் கொரோனா வரும் என்று பிப்ரவரி, மார்ச்சில் வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் கறியும் முட்டையும் விலை போகவில்லை. நாமக்கல் பண்ணைக்காரர்கள் தீவனச் செலவுக்குக்கூட வழியில்லாமல் தவித்தார்கள். வாங்கிக் குவிப்பதும் வாங்காமல் ஒதுங்குவதும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை. நம்பத் தகுந்த குரல் ஒன்று நேரத்தோடு வராவிட்டால், அந்த இடத்தை யாரோ அனுப்பிய ஒலிப்பதிவு நிரப்பிவிடும்.

வெளிநாடுகளில் டாய்லெட் பேப்பருக்கு அடித்துக்கொண்டது ஏன்?

ஆஸ்திரேலியாவில் மார்ச் தொடக்கத்திலேயே பெரிய கடைகள் ஆளுக்கு இத்தனை பாக்கெட்தான் என்று வரம்பு வைத்தன. அந்தப் பொருளின் பருமனே ஒரு காரணம். நிறைய இடம் அடைப்பது, விலை குறைவு, அதனால் கடையில் அதிகம் வைக்க மாட்டார்கள். இருபது பேர் வாங்கினாலே ஒரு வரிசை அலமாரி வெறிச்சோடிவிடும். அந்தப் படம்தான் மற்றவர்களை ஓட வைக்கிறது.

இதை நன்றாகக் கையாண்ட இடம் எது?

சிங்கப்பூரில் 2020 பிப்ரவரி 7 அன்று நோய் எச்சரிக்கை நிலையை ஆரஞ்சுக்கு உயர்த்தினார்கள். அன்று மாலையே அரிசி, நூடுல்ஸ், டாய்லெட் பேப்பர் அலமாரிகள் காலி. அது உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாடு, பயம் வந்ததில் வியப்பில்லை. மறுநாளே அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் மக்களிடம் பேசினார். இந்த நோயைப் பற்றி என்ன தெரியும், அடுத்து என்ன செய்வோம், நிலைமை மோசமானால் திட்டம் எப்படி மாறும் என்று பொறுமையாக விளக்கினார். அதற்கு அடுத்த நாள் ஃபேர்பிரைஸ் என்ற பல்பொருள் அங்காடிகளில் அரிசி ஆளுக்கு இரண்டு மூட்டை என்பதுபோல வரம்பு வந்தது. சில நாட்களில் கூட்டம் வடிந்தது. மார்ச்சில் மலேசியா எல்லைக் கட்டுப்பாட்டை அறிவித்ததும் மறுபடி ஓடினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தைவான் இன்னும் நேராகப் போனது. பிப்ரவரி 6 முதல் மாஸ்க் வாங்க மருத்துவக் காப்பீட்டு அட்டை வேண்டும். வாரத்துக்கு ஆளுக்கு இரண்டு. அடையாள எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதைப் பொறுத்து நாள். எந்த மருந்துக் கடையில் எத்தனை இருக்கிறது என்பதைக் கைபேசியில் பார்க்கலாம். குறைவாகக் கிடைத்தாலும் எல்லோருக்கும் கிடைத்தது. நம் ரேஷன் டோக்கனும் இதே வழியில் போன ஏற்பாடுதான்.

2021-இல் நாம் ஏதாவது மாற்றிச் செய்தோமா?

2021 மே 24 முதல் தளர்வில்லாத ஊரடங்கு என்று 22-ஆம் தேதி அறிவித்தபோது, அன்றிரவு 9 மணி வரையும் மறுநாள் காலை 6 முதல் இரவு 9 வரையும் எல்லாக் கடைகளையும் திறக்க அனுமதித்தார்கள். வெளியூர் பேருந்துகளும் ஓடின. அப்போதும் கூட்டம் இருந்தது, காய்கறி விலை பல மடங்கு போனது. நோய் உச்சத்தில் இருந்த நேரம் என்பதால் அந்த முடிவும் விமர்சிக்கப்பட்டது. ஆனால் 2020 ஏப்ரலின் அரை நாளோடு ஒப்பிட்டால் மூச்சுவிட இடம் இருந்தது. தோட்டக்கலைத் துறை வண்டிகள் தெருத்தெருவாகக் காய்கறி கொண்டுவந்ததும் கை கொடுத்தது.

டாஸ்மாக் வரிசையும் இதே வகைதானா?

ஓரளவு. 2020 மே 7 அன்று சென்னை தவிர மற்ற இடங்களில் திறந்தபோது ஒரே நாளில் சுமார் 170 கோடி ரூபாய்க்கு விற்றது. நாற்பது நாளுக்கும் மேல் மூடியிருந்தது, மறுபடி மூடுவார்கள் என்ற சந்தேகம் இருந்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதால் அந்தச் சந்தேகமும் உண்மையாகிவிட்டது.

இனி இப்படி ஒன்று வந்தால் வீட்டில் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்?

இரண்டு வாரத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு போதும். அதையும் அறிவிப்பு வந்த பிறகு ஒரே நாளில் வாங்காமல், சாதாரண நாட்களில் மாதச் சாமானோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பழையதை முதலில் எடுத்துச் சமைத்துவரலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு போன்றவற்றுக்குத் தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் எப்போதும் ஒரு மாதத்துக்கு மருந்து கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. இன்சுலின் போடுபவர்கள் மின்வெட்டில் அதை எங்கே வைப்பது என்பதையும் யோசித்து வைக்கட்டும். பக்கத்து வீட்டில் வயதானவர்கள் தனியாக இருந்தால், கடைக்குப் போகும் முன் அவர்களுடைய லிஸ்ட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் போக வேண்டிய இடத்துக்கு ஒருவர் போனால் போதும்.